எஞ்சினில் யார் வைத்த பொட்டு

எங்கள் வீட்டு வண்டி என்று யாராவது சொன்னால் நான் உடனே திருத்துவேன். அது என் வண்டி. தறியில் உட்கார்ந்து சம்பாதித்த காசில், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய காரைப் பார்த்துப் பார்த்து நான் வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. கையெழுத்தையும் எழுத்துக்கூட்டி நானே போட்டேன். ஓட்டுவது மட்டும் என் மகள். முன் சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் நான். திங்கட்கிழமையானால் மாகறல் கோயில். மனசு வந்தால் சாயங்காலம் ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரையில் கொஞ்சம் காற்று. எங்கே போகவும் யார் தயவும் வேண்டாம். அறுபது வயதுக்கு மேல் கிடைத்த சுகம், அவ்வளவு லேசில் விட்டுவிடுவேனா?

போன மாசி மாதம் அந்த வண்டிக்குக் காய்ச்சல் கண்டது. மாகறல் போகிற வழியில் சூடு காட்டுகிற முள் ஏறிக்கொண்டே போனது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. முள்ளுக்குக் கீழே பிறை மாதிரி ஓர் எழுத்து, மேலே ஏணி மாதிரி ஓர் எழுத்து. ஏணிப் பக்கம் போனால் ஆபத்து என்று மகள் சொல்லியிருந்தாள். சொன்னவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான்தான் பார்த்துச் சொன்னேன். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனவளைக் கையைப் பிடித்து இழுத்தேன். கொதிக்கிற குக்கரை யாராவது திறப்பார்களா? ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, ஆறின பிறகு திறந்தால் உள்ளே பாதிகூட இல்லை.

மறுநாள் ஐயம்பேட்டை ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற பாயிடம் விட்டோம். தலை நரைத்த மனுஷர், கைசுத்தமான வேலைக்காரர். ரேடியேட்டரில் ஊற்றுவதைத் தண்ணீர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, கூலன்ட் என்று சொல்ல வேண்டும். பன்னீர் ரோஜா நிறத்தில் இருக்கும். காற்றாடி சுற்றுகிறதா என்று பார்த்தார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அடுப்பில் வெந்நீர் வைத்து அதில் போட்டு, சூட்டுக்கு வாய் திறக்கிறதா என்று பார்த்தார். ரேடியேட்டரைக் கழுவி, கூலன்ட்டை நிரப்பிக் கொடுத்தார். நாலே நாளில் மறுபடியும் குறைந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய் நிரப்பினோம், அதுவும் நிற்கவில்லை.

ஒழுகினால் தரையில் சொட்டு விழ வேண்டுமே என்று பழைய வெள்ளை வேட்டி ஒன்றை வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் வேட்டி விரித்தபடி வெள்ளையாகவே இருந்தது.

மூன்றாம் முறை கொண்டுபோனபோது பாய் உதட்டைப் பிதுக்கினார். “வெளியில ஒரு சொட்டு இல்லம்மா. அப்போ எஞ்சினே உள்ள குடிச்சிக்கினு இருக்குது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்” என்றார். எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும், இந்த வயசான வண்டிக்கு அவ்வளவு செலவு தகாது என்றும் சொல்லிவிட்டார். மகள் என்னிடம் கேட்காமலே, பழைய கார்களை வாங்கி உடைக்கிற ஒருவரிடம் பேசி முடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து பணத்தைக் கொடுத்து எடுத்துக்கொள்வாராம், அதுவரை வண்டி பட்டறையிலேயே நிற்கும். நான் அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

புதன்கிழமை, வண்டிக்குள் இருந்த என் குடையையும் துண்டையும் எடுக்கப் பட்டறைக்குப் போனோம். பானெட் திறந்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் அதற்குள் நின்று நிதானமாகப் பார்த்ததே இல்லை. முன் சீட்டில் உட்காருகிறவளுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் அன்றைக்கு, விட்டுப் பிரிகிற வண்டியின் உள்பக்கத்தையும் ஒருதரம் பார்த்துவிடலாம் என்று குனிந்தேன். எஞ்சின் தலைமாட்டில், ரேடியேட்டர் குழாய் வந்து சேருகிற கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டில், வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. அதிலிருந்து கீழே மெல்லிசாக ஒரு கோடு.

பாயிடம் இது என்ன என்று கேட்டேன்.

“நீங்க வெச்ச குங்குமம்தானம்மா. ஆயுத பூஜைக்கு வெச்சது அஞ்சு மாசமா அழியல பாருங்க. கைராசிக்காரம்மா நீங்க.”

முதல் நாளே அதைப் பார்த்தாராம். சாமி சமாச்சாரம், எண்ணெய்த் துணி படக்கூடாது என்று அந்த இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, சுற்றிலும் துடைத்து வேலை பார்த்தாராம். மகளும் பார்த்திருக்கிறாள். அம்மா வைத்தது என்று அவளும் தொடவில்லை.

“நான் இங்க வெக்கவே இல்லியே” என்றேன்.

ஆயுத பூஜைக்கு ஸ்டீயரிங்குக்கு ஒன்று, நாலு டயருக்கு நாலு, பானெட்டுக்கு மேலே ஒன்று. என் கை போன இடம் எனக்குத் தெரியாதா? அதோடு, குங்குமம் அந்தச் சூட்டில் கறுத்துப் போயிருக்கும். அரக்கு வேறு, மிளகாய்ச் சிவப்பு வேறு, ராணி கலர் வேறு என்று நாள் முழுக்கப் பட்டுநூலைப் பார்த்த கண் இது. இது ராணி கலர். நகத்தால் சுரண்டினேன், உப்பு மாதிரி உதிர்ந்தது. விரலை ஈரப்படுத்தித் தேய்த்தேன், ரோஸாகக் கரைந்தது.

பாய் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். கையில் துணியோடு என்னைப் பார்த்து நின்றார்.

“தொடைக்கலாமாம்மா?”

“நல்லா தொடைங்க பாய். சாமி ஒண்ணும் கோவிச்சிக்காது.”

துடைத்துவிட்டு எஞ்சினைப் போட்டார். மூன்று பேரும் குனிந்தபடி காத்திருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. சூடு ஏற ஏற, அந்தப் பிளாஸ்டிக்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. அதில் ரோஸ் நிறத்தில் ஒரு முத்து திரண்டது. வழிந்து, சூடான இரும்பைத் தொட்டதும் சுர்ரென்று ஆவியாகிவிட்டது. தித்திப்பாக ஒரு வாசனை. எஞ்சின் ஆறினால் விரிசல் மூடிக்கொள்ளும், சூடானால்தான் திறக்கும் என்றார் பாய். அதனால்தான் வேட்டியில் ஒரு சொட்டும் விழவில்லை. ஆவியானது போக மிச்சம் காய்ந்து காய்ந்து பொட்டாக உட்கார்ந்துவிட்டது.

“மூணு வாரமா நமக்கு நல்லா நாமம் போட்டுக்கினு இருந்துருக்குதும்மா” என்று மகள் சிரிக்க ஆரம்பித்தாள்.

“வடகலையா, தென்கலையா?” என்று பாய் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டார். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது!

“அந்த வழக்கு நம்மளால தீராது பாய், நீங்க குழாய் மூட்ட மாத்துற வழியப் பாருங்க” என்றேன். பட்டறையே சிரித்தது.

அப்புறம் அவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. மரியாதை கொடுத்து ஏமாந்தேன் என்றார். மரியாதை தப்பில்லை பாய், பொட்டு வைத்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவ்வளவுதான் என்றேன். அன்றைக்கு முள் ஏறினதுமே வண்டியை நிறுத்தியதால் எஞ்சின் தப்பித்தது, இல்லாவிட்டால் நிஜமாகவே ஹெட் போயிருக்கும் என்று அவர் சொன்னதை மகள் காதில் விழும்படி இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

வியாழக்கிழமை புது மூட்டு வந்தது. மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, முக்கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துத்தான் பாய் சாவியைக் கொடுத்தார்.

சந்தோஷத்தில் வண்டி உடைக்கிறவருக்குச் சொல்ல மறந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்பேனர் பையோடு எங்கள் வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். வெயிலில் வந்த மனுஷருக்கு மோர் கொடுத்தேன். விஷயத்தைச் சொல்லாமல், ஏறி உட்காருங்கள் என்று பின் கதவைத் திறந்துவிட்டேன். வண்டியை ஓட்டிக் காட்டுகிறோம் என்று நினைத்திருப்பார். மகள் ஐயம்பேட்டைவரை விட்டாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நின்று நின்று போனோம், முள் நடுவிலிருந்து நகரவில்லை.

பாதி வழியில் அவர் முன்னால் சாய்ந்து, “ஏசி ஜில்லுனு இருக்குது. இத எதுக்குமா உடைக்கக் குடுக்குறீங்க?” என்று கேட்டார்.

“யார் குடுத்தது?” என்றேன்.

மகளுக்கு வந்த சிரிப்பில் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்தினார்.