பஞ்சு மேல் விழுந்த பழி

மில்லில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவருக்கு இருமல் வந்தால், ஏன் வந்தது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை. பஞ்சு, அவ்வளவுதான். சிங்காநல்லூரில் நாங்கள் குடியிருந்த வரிசையில் வீட்டுக்கு ஒருவராவது நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பதுபோல நெஞ்சில் பஞ்சு சேர்வதும் வேலையோடு வருவது என்று இருந்தது. அப்பா தீபாவளிக்கு முன்பிருந்து இருமத் தொடங்கியபோதும் காரணம் அப்போதே முடிவாகிவிட்டது. எனக்கு அந்த வருடம் ஒன்பது வயது.

சளியே வராத வறட்டு இருமல். தொண்டைக்குள் கோழி இறகை விட்டு வருடுவதுபோல இருக்கிறது என்பார். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குபவரை அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி உட்கார வைத்தது. அம்மா தினமும் ஒரு கட்டி வெல்லம் கொடுத்தாள். வெல்லம் பஞ்சைத் தள்ளிவிடும் என்பது மில்காரர் வீடுகளின் நம்பிக்கை. மூன்று பாட்டில் இருமல் டானிக் தீர்ந்தது. காந்திபுரத்தில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், பஞ்சு எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்து நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

தை முடிவதற்குள் அப்பா வேலையை விடுவது என்றாயிற்று. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். சம்பளம் பாதிதான் வரும், பள்ளிக்கூடம் நான்கு மைல் தள்ளி இருக்கிறது. தோப்பில் இரண்டு கன்றுக்குட்டிகள் உண்டு என்பது மட்டும் என் காதில் விழுந்தது. வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அம்மா மட்டும் ஏனோ ஒரு பாத்திரத்தைக்கூட மூட்டை கட்டாமல் இருந்தாள்.

திங்கட்கிழமை அப்பா மேனேஜரிடம் ராஜினாமா எழுதிக் கொடுப்பதாக இருந்தார். அதற்கு முந்தைய சனிக்கிழமை அம்மாவோடு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். டானிக்கை அம்மா எப்போதும் அங்கேதான் வாங்குவாள். அப்பாவுக்கு பிரஷர் மாத்திரையும் உண்டு. மில்லில் நடந்த இலவச முகாமில் எழுதிக் கொடுத்தது. அதை அவரே மில் வாசல் கடையில் வாங்கிக்கொள்வார். அன்று அவருக்கு நடக்கத் தெம்பில்லை. முகாம் சீட்டையும் அம்மாவிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். சீட்டும் காலி டானிக் பாட்டிலும் ஒரே கடையில் சேர்ந்தது அதுதான் முதல் தடவை.

கடையில் இருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, ரெண்டும் ஒரே ஆளுக்குங்களா?”

“ஆமா கண்ணு, எங்கூட்டுக்காரருக்குத்தான். மில்லுப் பஞ்சு, தீவாளிக்கு முன்னயிருந்து இருமறாரு.”

“மாத்திரை எப்பருந்துங்க?”

அம்மா விரல் மடக்கிப் பார்த்தாள். “பொரட்டாசியிலிருந்து.”

“சளி வருதுங்களா?”

“ஒண்ணுமே வர்றதில்ல.”

“பஞ்சாவும் இருக்கலாமுங்க்கா. ஆனா இந்த மாத்திரை சில பேருக்கு வறட்டு இருமலைக் குடுத்துரும். எத்தன டானிக் குடிச்சாலும் நிக்காது. டாக்டர்கிட்ட சீட்டைக் காட்டிக் கேளுங்க, வேற மாத்திக் குடுப்பாங்க. அது வரைக்கும் நீங்களா நிறுத்திப்போடாதீங்க, பிரஷர் ஏறிப்போயிரும்.”

மாத்திரையைக் கொடுத்தாள், டானிக்கைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். கையில் காசோடு வந்தவரைத் திருப்பி அனுப்பும் கடையை அம்மா அதற்குமுன் பார்த்ததில்லை. அதனால்தான் அந்தப் பேச்சை அவ்வளவு சீக்கிரம் நம்பினாள் என்று நினைக்கிறேன். வீடு வரை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். கன்றுக்குட்டிகள் கை நழுவுவது புரிந்து, எனக்கு அந்தக் கடைக்காரப் பெண் மேல் ஒரே கோபம்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பா எழுந்து மாத்திரை அட்டையைச் சாக்கடையில் எறியப் போனார். “இத்தன நாளா இந்தக் கருமத்தையா காப்பியோட முழுங்கிட்டிருந்தேன்!”

அம்மா குறுக்கே நின்றாள். “எறிஞ்சுபோட்டு பிரஷர் ஏறி உழுந்தா ஆரு தூக்கறது? நானு தூக்கற கனமாங்க நீங்க? ரெண்டு நாளு பொறுங்க.”

திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் மூவரும் காந்திபுரம் டவுன் பஸ்ஸில் இருந்தோம். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அன்னைக்கே கேட்டனேங்க, வேற மாத்திரை இல்லேன்னு சொன்னீங்க?”

அப்பா உண்மையாகவே குழம்பிப்போனார். “இது மாத்திரைங்களா சார்? இது தினமும் சாப்பிடறதுங்களே!”

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இனி எந்த டாக்டரிடம் போனாலும் தினமும் சாப்பிடுவதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார். வேறு வகை மாத்திரை எழுதினார். தலை சுற்றினால் வந்து சொல்லச் சொன்னார். இருமல் மறுநாளே போகாது, இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம் என்றும் சொன்னார். மேனேஜருக்கு எழுதிக் கொடுப்பதை அப்பா மாதக் கடைசிக்குத் தள்ளிப்போட்டார்.

முதல் வாரம் எதுவும் மாறவில்லை. இரண்டாவது வாரம் அப்பா இருமலுக்கு நடுவே கொஞ்சம் தூங்கினார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் அரிசி, ஆனால் கை அசையவில்லை. டி.வி. போடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். விரலை உதட்டில் வைத்தாள். கண் நிறைந்திருந்தது. அப்பா மறுபடி அம்மாவைத் திட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவரை முறைத்துவிட்டு விளையாடப் போனேன். ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க வந்தேன். அம்மா அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் முதுகு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கேட்பதற்கு அங்கே ஏதோ இருப்பதுபோல அவள் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.