முப்பது வரிக்குள் மைரா

எடிலெனி பெலெம் நகரத்து ஆற்றங்கரைச் சேரியில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு நகச்சாயம் பூசுகிறவள். மகள் மைராவைப் பறிகொடுத்த பிறகு, நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்ற ஒரே பிடிப்பில்தான் நாட்களை ஓட்டினாள். பொதுத்தேர்வில் மற்றதெல்லாம் தேறிவிடும். கட்டுரைதான் இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது.

மூன்றாம் முறை, தேவாலயக் கூடத்தில் இலவசப் பாடம் நடத்தும் ரைல்சனிடம் போனாள். தீவு மக்களுக்கு மருத்துவம் எட்டாதது ஏன் என்பது பயிற்சித் தலைப்பு. கூச்சத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்து, கட்டுரைக்கு அனுமதித்த முப்பது வரியையும் நிரப்பினாள்.

ரைல்சன் படித்தான். முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"அக்கா, ஒவ்வொரு பத்தி பக்கத்துலயும் அது என்ன சொல்லுதுன்னு ரெண்டு வார்த்தைல எழுதுங்க. கட்டுரையோட எலும்பு எங்க கோணியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

எழுதினாள். படகு வரவில்லை. படகு சேற்றில் நின்றது. படகில் மைரா. யார் என்ன செய்ய வேண்டும் என்று தீர்வு சொல்ல வேண்டிய கடைசிப் பத்திக்குப் பக்கத்தில்: கடவுள்.

பக்கத்தில் இருந்த மீன்காரி சோக்கோரோ எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏண்டி, கடவுளுக்கு எந்த ஆபீசு? மனு குடுத்தா முத்திரை குத்துவாரா?"

கூடமே சிரித்தது. எடிலெனியும் சிரித்து வைத்தாள்.

"மைரா யாருக்கா?" என்றான் ரைல்சன்.

"எம் பொண்ணு சார். மராஜோ தீவுல இருந்தப்ப காய்ச்சல். ஆத்துல தண்ணி ஏறட்டும், அப்பதான் படகு நகரும்னாங்க. ஏறுச்சு. அதுக்குள்ள..."

சோக்கோரோ தலை குனிந்தாள்.

"நாலு பத்தியும் ஒரே எடத்துல நிக்குதுக்கா. திருத்துறவங்களுக்குக் காரணம் வேணும், தீர்வு வேணும்."

"அவளுக்கு எடம்?"

"உதாரணமா ஒரு வரி. மிஞ்சுனா."

வரியிட்ட தாள் ஆளுக்கு ஒன்றுதான். ரைல்சன் கொடுத்த பென்சிலால் அதிலேயே அழித்து அழித்து எழுதினாள். தீவில் தங்காத டாக்டர்கள் முதல் பத்திக்கு வந்தார்கள். ஆற்றின் ஏற்ற இறக்கம் இரண்டாவதாக வந்தது. அதற்கடுத்து, மைரா இருந்த இடத்தில், பூட்டிக் கிடக்கும் மருந்தகம். கடைசியில் கடவுள் இருந்த இடத்தில் சுகாதார அமைச்சகம்.

"இதான்க்கா கட்டுரை! இப்படியே எழுதுங்க, சீட்டு ஒங்களுக்குத்தான்."

எடிலெனி மெதுவாக வாசித்தாள். கடைசிப் பத்தியில் அமைச்சகத்தின் படகு, தண்ணீர் வற்றிய நேரத்திலும் ஓடக்கூடியது, டாக்டரோடு எல்லாத் தீவுக்கும் வந்து சேர்ந்தது. மைராவுக்கு ஒரு வரி தேடினாள். முப்பதும் நிறைந்திருந்தது.

"ஒண்ண எடுத்துட்டா சார்?"

"எத எடுத்தாலும் மார்க் போயிரும்கா."

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள். மேசைமேல் சிதறிய ரப்பர் தூளைக் கூட்டி உள்ளங்கையில் எடுத்தாள். குப்பைக்கூடை வாசலருகே இருந்தது. அதைக் கடந்து, கையை மூடியபடியே வெளியே போனாள்.