வெள்ளை உடுத்திப் போன வீடு

1. பெட்டியைத் திற

பம்பாய் டீமுக்குப் பெயர் கொடுத்தவர்களை முதல் வகுப்புக்கே பெட்டியோடு வரச் சொன்னேன். பயணத்துக்கு இன்னும் வாரக்கணக்கில் நாள் இருந்தது. “இப்பமே எதுக்கு அக்கா பெட்டி?” என்று முணுமுணுத்தார்கள். பெட்டியைப் பார்த்தால் ஆள் தெரியும் என்றேன். அது நான் கண்ட உண்மை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். கல்யாணமாகிப் பம்பாயில் குடித்தனம் நடத்தி, கணவர் தவறிய பிறகு ஊருக்குத் திரும்பியவள். ஹிந்தி பேசுவேன். அது போதாதா? வெளியூர் ஊழியத்துக்குப் பத்து நாள், இரண்டு வாரம் என்று போகிற டீம்களைத் தயார் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. ரிட்டயர் ஆகும்வரை அதை இறக்கி வைக்க யாரும் விடவில்லை. இப்போது டீம் அனுப்புகிற இளையவர்கள், “எப்படி அக்கா ட்ரெயினிங் கொடுத்தீங்க?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆண்பிள்ளைகளின் பெட்டியில் கிட்டாருக்குக் கம்பியும் ஏத்தங்காய் சிப்ஸும் இருந்தன. ஒருவன் தேங்காயெண்ணெயைப் பெரிய கேனில் கொண்டுவந்திருந்தான். பம்பாயில் தென்னையே கிடையாது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் நான்கு பேர். அவர்கள் பெட்டியைத் திறந்தால், கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்த சேலைகள், அத்தனையும் வெள்ளை.

“இத வச்சிட்டுக் கலர் சேலை எடுங்க பிள்ளைகளா,” என்றேன்.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

2. செயலாளரும் வெள்ளையும்

எங்கள் சபையில் பொன் அணிவதில்லை. பொட்டு, வளையல் இல்லை. ஆராதனைக்கும் ஊழியத்துக்கும் பெண்கள் வெள்ளை உடுத்துவார்கள். ஆபீஸ் நாட்களில் நான் கலர் உடுத்துவேன். அதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஊழியத்துக்குப் போகும்போது வெள்ளை என்பது எழுதாத சட்டம்.

போகிற இடம் பம்பாயில் ஒரு நெருக்கமான சந்து. தமிழர், மராட்டியர், உத்தரப்பிரதேசத்துக்காரர், பீகாரிகள், முஸ்லிம் குடும்பங்கள் என்று சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருந்தார்கள். அங்கிருந்த பாஸ்டர் போனில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “பாட்டுக்கும் ஸ்கிட்டுக்கும் இங்க ஆள் இருக்கு. வடக்கத்திப் பெண்கள் வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்து ஹிந்தியில பேச ஒரு பொண்ணு இருந்தா அனுப்புங்க.” எங்களிடம் அப்படி ஒருத்திதான் இருந்தாள். ஜெசி.

ஜெசி பாறசாலைக்காரி. ஹிந்தி படித்து ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, பிடிவாதக்காரி. அவளுக்கு நல்ல சம்பந்தம் ஒன்று வந்திருந்தது. கல்யாணத்தன்று மட்டும் நகை போட்டால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் கெஞ்சிப் பார்த்தார்கள். அவள் மாட்டேன் என்றாள், சம்பந்தம் முறிந்தது. அந்த வெறுங்கை அவளுக்குச் சும்மா வந்ததல்ல. பம்பாய்க்குப் போக வேண்டும் என்று ஒரு வருஷமாக ஜெபித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

சபைச் செயலாளர் சாமுவேல் அண்ணன் தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வீட்டிலும் ஃபைலில் குறிப்பெழுதுகிற தோரணையில்தான் பேசுவார். விஷயம் அவரிடம் போனது.

“வெள்ளை நம்ம சாட்சியாக்கும் சாரா. இங்க ஒரு வேஷம், பம்பாயில ஒரு வேஷம்னு போட பற்றுமா?”

“அண்ணே, நம்ம ஊர்ல வெள்ளை உடுத்தா எந்தச் சபைக்காரின்னு ஆளுக்கு மனசிலாகும். வடக்க வெள்ளை உடுத்து வெறுங்கையா வந்தா, புருஷன் செத்தவளுன்னு நெனப்பாங்க.”

“நெனச்சிட்டுப் போகட்டு. உள்ள போய் விவரம் சொன்னா தீர்ந்தது.”

“உள்ள போனாத்தானே சொல்லலாம்.”

“வெள்ளை உடுக்காத டீம சபை அனுப்பாது,” என்றார். ஃபைல் மூடியது.

ஜெசியும் அவர் பக்கம். “அக்கா, ஞானஸ்நானம் எடுத்த நாள்ல இருந்து நான் உடுக்குறதாக்கும். ஒரு டூருக்காக மாத்தினா எனக்கே என்னப் பிடிக்காது,” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே அவள்மேல் மரியாதையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, “சரி, இங்கயே ஒரு வடக்கத்தி வீட்டுக்குப் போய்ப் பாப்போம். போய்ட்டு வந்து பேசுவோம்,” என்றேன். அண்ணன் சம்மதித்தார்.

3. கழக்கூட்டம்

கழக்கூட்டத்தில் அப்போது கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. டைல்ஸ் பதிக்கிறவர்கள் வடக்கேயிருந்து வந்து தகர ஷெட்டுகளில் குடும்பத்தோடு தங்கியிருந்தார்கள். அதில் ஒரு வீடு கம்லாவுடையது, உத்தரப்பிரதேசத்துக்காரி. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது பாஷை தெரியாமல் தவித்தவளுக்கு நான் போய் மொழிபெயர்த்தேன். வலி விட்டுவிட்டு வந்த நேரத்தில் என் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டாள். ஆண் குழந்தை பிறந்தது. ஆறாம் நாள் அவர்களுக்கு விசேஷம், தாயைக் குளிப்பாட்டிக் குழந்தைக்கு மையிட்டுப் பெண்கள் கூடிப் பாடுவார்கள். “உங்க பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, பாட்டுப் பாடட்டும்,” என்று கம்லாவே கூப்பிட்டிருந்தாள்.

நான் ஆபீசிலிருந்து நேரே போனதால் நீலச் சேலை. பிள்ளைகள் நால்வரும் பளிச்சென்று வெள்ளை.

வாசலில் பக்கத்து ஷெட் அம்மாள் ஒருத்தி சிரித்தபடி எங்களை வரவேற்க வந்தாள். என்னை உள்ளே விட்டாள். பின்னால் வந்த பிள்ளைகளைப் பார்த்ததும் நிலையில் கையை நீட்டி மறித்தாள். சத்தம் போடவில்லை. கண்ணில் பரிதாபம்தான் இருந்தது.

“இவ்வளவு சின்ன வயசுலயா? நாலு பேருமா?” என்று ஹிந்தியில் என்னிடம் கேட்டாள். பிறகு மெதுவாக, “இன்னைக்கு நல்ல நாள். இவங்க உள்ள வேண்டாம். பின்பக்கம் போய் உட்காரட்டும், சாப்பாடு அங்கேயே வரும்.”

நான் விளக்கிச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை. வாசற்படியில் வாதாடாதே என்று ஒவ்வொரு டீமுக்கும் பாடம் எடுத்தவள் நான். வீடு அவர்களுடையது. பிள்ளைகளைப் பார்த்துப் பின்பக்கம் போகச் சொன்னேன். நால்வரில் ஒருத்தியான ஷீபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெசியின் முகம் சிவந்தது. நடந்தார்கள்.

என்னை நடுவில் உட்காரவைத்து, குழந்தையை என் மடியில் கொடுத்தார்கள். கல்யாணமே ஆகாத பிள்ளைகள் வெளியே, புருஷனைப் பறிகொடுத்த நான் உள்ளே. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாயைத் திறக்கப் போனேன். கம்லா என் கையை அழுத்தி, பேசாதீர்கள் என்று கண்ணால் சொன்னாள். அவளுக்குத்தான் என் கதை தெரியுமே.

பின்வாசல் திறந்திருந்தது. சாய்ப்பில் அடுப்புக்கு முன்னால் ஒரு பெண் வெள்ளைச் சேலையில் பூரி பொரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். கம்லாவின் ஓரகத்தி கங்கா. கம்லாவின் பிரசவத்துக்கென்று ஊரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியது, துணி அலசியது, கம்லாவுக்குக் கஷாயம் வைத்தது எல்லாம் அவள்தான். ஆறாம் நாள் மட்டும் அவள் குழந்தையைத் தொடக்கூடாது. எங்கள் பிள்ளைகளுக்கு அவள் செங்கல்லை நகர்த்திப்போட்டு இடம் கொடுப்பதைப் பார்த்தேன். சற்று நேரத்தில் ஜெசி மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று உள்ளே கேட்கவில்லை.

டோலக் பாட்டு முடிந்ததும் எங்கள் பாட்டைக் கேட்டார்கள். என் குரல் ஊரறிந்தது. தொடங்கிவிட்டேன். இரண்டாவது அடியில் பின்பக்கத்திலிருந்து நான்கு குரலும் சேர்ந்துகொண்டன. கங்கா ஜல்லிக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஷீபா புலம்பிக்கொண்டே வந்தாள். பஸ் கிழக்கேகோட்டை ஸ்டாண்டுக்கு வரும்வரை ஜெசி தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4. டிப்ரீஃபிங்

மறுநாள் சபை ஹாலில் உட்கார்ந்தோம். சாமுவேல் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தேன். போய் வந்ததும் பேசவிட வேண்டும், குறுக்கே பிரசங்கம் பண்ணக்கூடாது. இது டிப்ரீஃபிங்கின் முதல் விதி. அண்ணனுக்கு அந்த விதியை முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

ஷீபா கொட்டித் தீர்த்தாள். “விருந்துக்கு விளிச்சிட்டு அடுப்பங்கரையில இருத்துனா அவமானம்தானே அக்கா? நாம என்ன தீட்டா?”

“அவமானம் இல்ல,” என்றாள் ஜெசி. “அவங்க நம்மளப் பாத்துப் பாவப்பட்டாங்க.”

பிறகு அவளாகவே சொன்னாள். நான் கேட்கவில்லை.

“கங்கா அக்கா என் கையப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. வளையல யார் உடைச்சதுன்னு கேட்டாங்க. யாரும் உடைக்கல, நானே கழத்தினதுன்னு சொன்னேன். கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன். அவங்க கையக் காட்டினாங்க, மணிக்கட்டுல நீளமா ஒரு தழும்பு. புருஷன் செத்த அன்னைக்கு நாலு பேர் பிடிச்சுக் கல்லுல வச்சு உடைச்சப்ப கண்ணாடி கீறினதாம்.” நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். “அப்புறம் கேட்டாங்க, ‘நீயா கழத்தினதா? அப்போ எப்ப வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாமே’ன்னு. நான் மாவ எடுத்து உருட்டத் தொடங்கினேன் அக்கா.”



அண்ணன் விதியை மீறினார். “சரி. இப்ப நீ என்ன சொல்லுத பிள்ளே?”

“வெள்ளை எனக்குச் சாட்சிதான் அண்ணே. ஆனா அந்த வீட்டுல என் சேலை கர்த்தரப் பத்தி ஒண்ணும் சொல்லல. என் புருஷன் செத்துட்டான்னு சொல்லிச்சு. எனக்குப் புருஷனே இல்ல.”

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். அண்ணன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“சாரா, உன் வீட்டுக்காரர ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் பண்ணின அன்னைக்கு உன் சொந்தக்காரங்க வெள்ளைச் சேலை கொண்டுவந்தது ஓர்மை உண்டா?”

“உண்டு அண்ணே.”

“நான்தானே அதத் திருப்பிக் கொடுத்தது? கிறிஸ்தவளுக்கு அந்த அடையாளம் தேவையில்லன்னு சண்டை போட்டது நான்தானே?”

“நீங்கதான்.”

 அன்றைக்கு அவர் மட்டும் நிற்காவிட்டால் என் சொந்தக்காரர்கள் விட்டிருக்க மாட்டார்கள். அந்த மனிதரோடுதான் இத்தனை நாள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். “பம்பாய்க்குக் கலர் உடுத்துட்டுப் போகட்டு. வளையல் வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரால் அவ்வளவுதான் இறங்க முடியும். அதுவே பெரிய இறக்கம். ஜெசிக்கும் அந்த எல்லைதான் வேண்டியிருந்தது.

5. பச்சைச் சேலை

கிளம்புவதற்கு முந்தைய நாள் ஜெசி வந்து, “கழக்கூட்டத்துக்குப் போலாமா அக்கா?” என்றாள். பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள். பஸ் முழுக்க முந்தானையை இழுத்து இழுத்துப் பார்த்தபடி வந்தாள். யாரோ தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்று வாசலை மறித்த அதே அம்மாள் இப்போதும் வெளியே நின்றாள். என்னை அடையாளம் கண்டு கைகூப்பினாள். ஜெசியை யாரென்றே தெரியவில்லை. “வாம்மா, உள்ள வா, குழந்தையைப் பாரு,” என்று தோளைப் பிடித்து இழுத்தாள். வேலை முடிந்தது, இந்தச் சேலை பம்பாயிலும் கதவைத் திறந்துவிடும் என்று எனக்குள் ஒரு திருப்தி.

ஜெசி அந்த அம்மாளுக்கு வணக்கம் சொன்னாள். உள்ளே போகவில்லை. ஷெட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். நானும் போனேன்.

கங்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சற்று யோசித்தாள். யாரென்று தெரிந்ததும் சேலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“இப்போதான் உன்னை உள்ள விடுவாங்களே. இங்க எதுக்கு வந்தே?”

ஜெசி செங்கல்லை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “உங்களைப் பாக்க வந்தேன்.”

கங்கா எழுந்தாள். கையைக் கழுவினாள். அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் சர்க்கரை டப்பாவைத் தேடினாள். டப்பா அவள் கைக்கெதிரேதான் இருந்தது.

டீம் தயார் செய்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பாடம்தான் இருக்கிறது. பாஷை, உடை, செருப்பைக் கழற்றுவது, தலையை மூடுவது எல்லாம் சொல்லிக்கொடுங்கள், அது கதவைத் திறக்கும். திறந்த கதவைத் தாண்டி யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஜெசிக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குச் சாமுவேல் அண்ணன் வழியனுப்ப வந்திருந்தார். கலர் சேலைகளை ஓரக்கண்ணால் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “டீம் ரெடியா சாரா?” என்று கேட்டார்.

“நேத்தே ரெடி அண்ணே,” என்றேன்.