அரக்கன் கோட்டைக்கு ஒரு பற்றறி

யப்பானிய மொழி எனக்குத் தெரியும் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. மச்சான் கேட்டான், நான் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். குடாநாட்டில் போரால் மின்சாரம் நின்றுபோய், உரும்பிராயில் எங்கள் வீட்டுச் சுவிட்சுகள் சுவருக்கு அழகாக மட்டும் இருந்தன. நான் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தேன். மச்சான் என் மாமாவின் மகன், என் வயதுக்காரன். அவன் கனடாவுக்குப் போகக் காத்திருந்தான். அவனுடைய அண்ணை கப்பலில் வேலை செய்தவர். நல்ல காலத்தில் சிங்கப்பூரிலிருந்து, ரீவியில் பொருத்தி விளையாடும் ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். கூட ஒரே ஒரு கசெற். வாளோடு ஒரு வீரன், ஒரு கிழ அரசன், கடத்தப்பட்ட இளவரசி, எங்கோ ஒரு கோட்டையில் அரக்கன். எழுத்தெல்லாம் யப்பானிய மொழி.

விளையாட மின்சாரம் வேண்டும். ஐயாவின் உழவு மெசின் டீசல் இல்லாமல் கொட்டிலில் படுத்திருந்ததால், அதன் பற்றறிக்கு வேலை இல்லை. எங்கள் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி கார் பற்றறியில் ஓடும் வகை. விளையாட்டுப் பெட்டியும் ஓடுமா என்று மச்சான் இரண்டு வயரைத் தொட்டுப் பார்த்தான். ஓடியது. அன்று தொடக்கம் பற்றறியைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கோப்பாய்ச் சந்தியில் ஜெனரேற்றர் வைத்திருந்த கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வருவது எங்கள் தொழிலாயிற்று. அசிட் பட்டு நான் இடுப்பில் கட்டும் சாரங்களில் ஓட்டை விழாதது ஒன்றுமில்லை. சார்ஜ் ஒரு பின்னேர விளையாட்டுக்குத் தாங்கும். ஐயா ரேடியோவில் இரவுச் செய்தி கேட்பதற்கு அதில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

விளையாட்டில் அந்தக் கிழ அரசனிடம் போய்க் கதைத்தால் நாங்கள் எதுவரை வந்தோம் என்பதை அவர் நினைவில் வைத்துக்கொள்வார். அதற்காகக் கசெற்றுக்குள்ளே ஒரு குட்டிப் பற்றறி இருந்தது. ரோச் லைற் பற்றறிக்கே அரசாங்கத் தடை இருந்த ஊரில், ஒழுங்காக வேலை செய்த பற்றறி அநேகமாக அது ஒன்றுதான்.

மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. புத்தகம் வாசிக்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தாராளமாக வேலை செய்தேன். திரையில் ஒரு தாடிக்காரன் நான்கு வரி பேசுவான். மச்சான் என் பக்கம் திரும்புவான்.

"என்னவாமடா?"

"வடக்காலை போகட்டாம். அங்கை ஒரு குகை இருக்காம்."

வடக்கே போனால் குகை இல்லை. பல்லுப் பெரிதான ஓநாய்தான் நின்றது. செத்தோம்.

"டேய், குகை எண்டாய்?"

"அந்தாள் வேறை ஊர்க்காரன் போலை. அவையின்ரை பேச்சு வித்தியாசம். தெற்கைத்தான் அப்பிடிச் சொல்லியிருக்கிறார்."

தெற்கே குகை இருந்தது. என்னுடைய புலமை நிலைநாட்டப்பட்டது.

ஆனால் எங்களை உண்மையில் வழிநடத்தியது மொழியறிவு அல்ல, சிக்கனம். விளையாட்டில் ஒரு பச்சிலை உண்டு. அதை வீரனுக்குக் கொடுத்தால் காயம் ஆறும். எங்களுக்குக் கிடைத்த ஒரு பச்சிலையையும் நாங்கள் பாவிக்கவில்லை. காயம் பட்டால் திரும்பி நடந்தே சத்திரத்துக்குப் போய்ப் படுத்து எழும்பினோம். வழியில் செத்தாலும் பச்சிலையைத் தொடவில்லை. வீட்டில் அம்மா சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஐயா மண்ணெண்ணெய்ப் போத்தலை எங்களுக்கே தெரியாத இடத்தில் புதைத்திருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த வீரன் கிடைத்த மருந்தைக் கிடைத்த அன்றே தின்பானா? பை நிரம்பி வழிந்தது. அதைத் திறந்து பார்ப்பதே எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

அப்போதுதான் மச்சானுக்குக் குடாநாட்டை விட்டு வெளியே போக விடும் பாஸ் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கிளாலிக்குப் போய்க் கடலேரியைக் கடக்கப் படகு ஏற வேண்டும். விளையாட்டுப் பெட்டியைக் கொழும்பில் தன் அண்ணையிடம் ஒப்படைக்க வேண்டும். நாங்கள் நின்றதோ அரக்கனின் கோட்டை வாசலில். சந்திக் கடைக்காரரிடம் கெஞ்சி வியாழன் மத்தியானம் பற்றறியை எடுத்து வந்தோம். அதன் பிறகு சார்ஜும் இல்லை, மச்சானும் இல்லை.

கோட்டைக்குள் இறங்கி அரக்கனைக் கண்டோம். அவன் முதலில் பேசினான்.

"என்னவாம்?"

"வந்த வழியாலை திரும்பிப் போகட்டாம்."

"போய்ச் சொல்லு அவனுக்கு, நாளைக்குத்தான் போறன் எண்டு."

அரக்கன் நெருப்பைக் கக்கினான். நாங்கள் வாளால் வெட்டினோம், அவன் கக்கினான், வெட்டினோம், செத்தோம். கிழ அரசன் முன்னால் மறுபடி எழும்பினோம். அவர் ஏதோ சொன்னார். அதை மொழிபெயர்க்க நான் விரும்பவில்லை.

திரும்பக் கோட்டைக்கு நடந்து போய்ச் சேரும்போது திரையின் ஓரங்கள் கறுக்கத் தொடங்கிவிட்டன. பற்றறி இறங்க இறங்கப் படம் சுருங்கும். அரக்கன் ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்திருந்தான். அவனுடைய நெருப்பு மட்டும் குறையவில்லை. எங்கள் உயிர் பாதிக்குக் கீழே இறங்கியது.

"பச்சிலையைக் குடுப்பம்" என்றான் மச்சான்.

"பொறு. அவசரத்துக்கு இருக்கட்டும்."

"டேய், உவன் மூஞ்சையிலை நெருப்பைக் கக்கிறான். இது என்ன, கலியாண வீடோ?"

"இன்னும் ஒரு வெட்டுப் பாப்பம். பிறகு தேவைப்படும்."

அவன் என் கையிலிருந்த விளையாட்டு விசைக் கட்டையைப் பிடுங்கினான். "பிறகு எண்டால் எப்பயடா? நான் நாளைக்குப் போறன். உவனுக்குப் பிறகு இதிலை ஒருத்தரும் இல்லை. ஆருக்கடா சேத்து வைக்கிறாய்?"

நான் தள்ளி இருந்து அவனுக்கு இடம் விட்டேன்.

அவன் ஒரு பச்சிலையைக் கொடுத்தான். உயிர் ஏறியது. அரக்கன் கக்கினான். இன்னொன்று. வெட்டு. இன்னொன்று. எங்கள் வாழ்நாளில் அப்படி ஊதாரித்தனமாக நாங்கள் இருந்ததில்லை. முதலில் நான் போன இலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பழகியதும், "குடு, இன்னுமொண்டு குடு, வைச்சிருந்து என்ன செய்யிறது!" என்று கத்திக்கொண்டிருந்தது நான்தான். பையின் அடியில் கடைசி இலையும் போனபோது அரக்கன் ஒரு முறை மினுங்கினான். பிறகு அந்த இடத்தில் வெறும் நிலம்தான் இருந்தது.

பாட்டு வந்தது. அரசன் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். உள்ளங்கை அளவு படத்துக்குள் எழுத்து வரிசை வரிசையாக ஓடியது. இரண்டு பேரும் ரீவியில் மூக்கு முட்டக் குனிந்திருந்தோம்.

"என்னவாமடா, கெதியாச் சொல்லு!"

நான் தயங்கவில்லை. "நீ வெண்டிட்டாய். இனி எங்கை போனாலும் ஒருத்தரும் உன்னை மறிக்க ஏலாதாம்."

"பாஸும் கேக்கமாட்டினமாமோ?"

"அதைத்தான் ரெண்டாம் வரியிலை சொல்லுறார்."

மச்சான் நிமிர்ந்து இருந்து சிரித்தான். படம் ஒரு புள்ளியாகிப் போயிற்று. அந்த மொழிபெயர்ப்பில் எனக்கு இன்றைக்கும் ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை.

ஐயா ரேடியோவோடு வந்து பற்றறியில் வயரைக் கொழுவினார். ஒரு சத்தமும் இல்லை. எங்களைப் பார்த்தார்.

"முடிஞ்சுதோ?"

"ஓம் ஐயா, முடிஞ்சுது."

"ஆர் வெண்டது?"

"நாங்கள்."

"அப்பிடியோ" என்றார் ஐயா. "கன நாளுக்குப் பிறகு நாங்கள் வெண்ட செய்தி ஒண்டு. அதைக் கேக்கத்தான் பற்றறி இல்லை."

வெள்ளி விடிய மச்சான் விளையாட்டுப் பெட்டியைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். நான் அவனைச் சந்திவரை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன். விளையாட்டு முடியாமல் இடையில் நின்ற கதையாயிருந்தால் அந்தப் பையை நான் அவ்வளவு லேசாக விட்டிருக்க மாட்டேன்.