பச்சை முகம் அழுத்தும் டியூட்டி

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தம்பி சேவியர் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நண்டுப் பிரட்டல். இரண்டு கையும் மசாலாவில் இருக்கும் நேரம் பார்த்து, மேசையில் இருந்த அவன் கைபேசி ஒரு பெண் குரலில் மிக அன்பாக விசாரித்தது... இன்று உங்கள் மனநிலை எப்படி?

திரையில் ஐந்து முகங்கள். சிவப்பு முகம் அழுகிறது. பச்சை முகம் சிரிக்கிறது. நடுவில் உள்ள மூன்றும் பல் டாக்டருக்குக் காத்திருப்பவர்கள் போல இருந்தன.

"அக்கா, அந்தப் பச்ச மூஞ்சிய கொஞ்சம் அழுத்தி விடேன்," என்றான் சேவியர், நண்டுக் காலை விடாமல்.

"உன் மனசு எப்படி இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"அதெல்லாம் தெரிய வேணாம் லா. ஸ்டேஷன்ல எங்க எல்லாருக்கும் ஹாஷிம்தான் அழுத்துறாரு."

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரிந்திருக்காது. சொல்கிறேன்.

என் தம்பி பொம்பா. அதாவது தீயணைப்பு வீரன். எந்த ஊர் நிலையம் என்று எழுத மாட்டேன், எழுதினால் அவனுக்கு அங்கே குடிக்கத் தே தாரேக் டீ கிடைக்காது. சில மாதங்களுக்கு முன், மன அழுத்தத்தைக் குறைக்க எல்லோரும் ஓர் ஆப் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தினமும் ஒரு முகம் அழுத்த வேண்டும். பிறகு ஒரு நீல வட்டம் பெரிதாகும்போது மூச்சை இழுத்து, சிறிதாகும்போது விட வேண்டும்.

முதல் நாள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து மூச்சை இழுத்தார்கள். மணி அடித்துவிட்டது. எங்கோ செம்பனைத் தோட்டத்தில் தீ. இழுத்த மூச்சை வண்டியில் ஏறித்தான் விட்டார்கள் என்கிறான் தம்பி.

இனி நடந்ததைக் கேளுங்கள். தீயணைப்பு நிலையத்தில் எல்லா வேலைக்கும் முறை உண்டு. ஒருவர் குழாய் சரிபார்ப்பார், ஒருவர் டாங்கியில் தண்ணீர் பார்ப்பார், ஒருவர் தேநீர் கலக்குவார். மனநிலையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மூத்தவர் ஹாஷிமுக்கு முழங்கால் வலி, உட்கார்ந்து செய்யும் வேலைதான் தோது. ஆகவே எல்லோரும் காலையில் கைபேசியை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு வண்டியைத் துடைக்கப் போவார்கள். எல்லாக் கைபேசிக்கும் ஒரே கடவு எண், வண்டியின் நம்பர். ஹாஷிம் ஒவ்வொன்றாக எடுத்துப் பச்சையை அழுத்துவார்.

மேலிடத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மனமகிழ்ச்சி மிக்க நிலையமாம். ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் செனாய் சாலையில் அந்த விபத்து. தொழிற்சாலை வேன் ஒன்று லாரிக்குப் பின்னால் சொருகிக்கொண்டது. ஹாஷிம் கதவை வெட்டிக்கொண்டிருக்க, உள்ளே மாட்டியிருந்த டிரைவரின் கையைப் பிடித்தபடி என் தம்பி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். உங்க பேர் என்ன, எத்தனை பிள்ளைங்க, இதோ ஆச்சு... கதவு கழன்றது. அதற்குக் கொஞ்சம் முன்னால் பதில் நின்றுவிட்டிருந்தது.

பிறகு தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே காரை நிறுத்தி, இறங்காமல் ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். அவன் மனைவி ஸ்டெல்லா எனக்குப் போன் செய்து அழுதாள். "வேலைய விட்டுருவேன்னு சொல்றாரு அண்ணி. அத விடுங்க, என்கிட்ட பேசவே மாட்டேங்கறாரு." நான் இருக்கும் பத்து பாகாட் ஊரிலிருந்து அவனுக்குப் போன் செய்து கேட்டேன். "ஓகே லா அக்கா," என்றான். நானும் நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

ஆப் என்ன சொன்னது? பச்சை. தினமும் பச்சை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, நிலையத்துத் தொலைபேசியில் தம்பிக்கு ஆலோசகர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. உங்கள் முகம் சிவப்பு, உடனே வந்து பாருங்கள் என்று. இவன் பிஸ்கட் டின்னை நோக்கிப் பாய்ந்தான்.

"யாரு எனக்குச் சிவப்பு அழுத்துனது?"

"நான்தான்," என்றாராம் ஹாஷிம், மலாயில், அடுத்த கைபேசியை எடுத்துக்கொண்டே. "மூணு வாரமா உனக்காகப் பொய் சொல்றேன். எனக்கு அலுத்துப்போச்சு. போய்ப் பாரு."

போனான். வேலையை விடவில்லை. இப்போது வீட்டுக்கு வந்தால் காரை விட்டு இறங்குகிறான், ஸ்டெல்லாவிடம் சண்டை போடும் அளவுக்குப் பேசுகிறான். அவன் ஆலோசகரிடம் போவது எனக்கு முன்பே தெரியும். யார் அனுப்பியது என்பதுதான் அன்று நண்டு தின்னும்போது தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். நம்மைப் பற்றி யார் கேட்டாலும் நாம் சொல்வது 'ஓகே லா'தானே? பக்கத்தில் இருப்பவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் நமக்கு உண்மை வருகிறது.

"இன்னுமா அவரே அழுத்துறாரு?" என்று கேட்டேன்.

"ஆமா. ஆனா இப்ப முதல்ல எங்க மூஞ்சியப் பாத்துட்டு, அப்புறம்தான் அழுத்துறாரு."

நானும் தம்பி முகத்தைப் பார்த்தேன். நடுவில் இருந்த மஞ்சளை அழுத்தினேன். அவன் எட்டிப் பார்த்தான். அடுத்த நண்டுக் காலை எடுத்தான்.

"சரிடா, அந்த வேன் கதவை வெட்டுனது ஹாஷிம்தானே?"

"ஆமா."

"அவர் மூஞ்சிய யாரு பாக்குறா?"

தம்பி மெல்லுவதை நிறுத்தினான். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவினான், சோப்புப் போட்டு. கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"அபாங், சேவியர் பேசறேன்... இல்ல, ஸ்டேஷன் விஷயம் இல்ல..." என்று மலாயில், ஹாஷிமை அண்ணன் முறை சொல்லித் தொடங்கியது மட்டும் காதில் விழுந்தது.

நண்டு ஆறிப்போனது. நண்டைச் சூடு பண்ணிக்கொள்ளலாம்.