வெட்டாமல் வைத்த பச்சைத் துணி

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே மேல் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் சுலக்ஷனா குடியிருக்கிறாள். முன்பக்கத்துத் திண்ணையான இஸ்தோப்பைப் பலகையடித்து மறைத்து, அதற்குள் தையல் மெஷினைப் போட்டிருக்கிறாள். வெளியே நீலப் பெயின்டில் 'சுலக்ஷனா டெய்லரிங்' என்று எழுதிய தகரப் பலகை தொங்கும். அவளுடைய தையலை யாரும் குறை சொன்னதில்லை. சொன்ன தேதிக்குத் தரமாட்டாள் என்பது ஒன்றுதான் பேச்சு. அந்தப் பேச்சு சாதாரண முணுமுணுப்பாக இருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு அப்படி இல்லாமல் போனது ஒரு ஆடி மாதத்தில்.

பத்தொன்பது வயதில் அவள் கட்டுநாயக்கா பக்கம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனாள். ஐந்து வருடமும் ஒரே வேலைதான், சட்டைக்குக் கொலர் வைப்பது. மணிக்கு இத்தனை என்று தலைக்கு மேலே பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். பின்னால் சுப்பவைசர் நடந்துகொண்டே இருப்பார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பார்ப்பார். 'என்ன பொழப்பு இது' என்று திட்டிக்கொண்டேதான் தைத்தாள். ஆனால் ஒரு நாள்கூடக் கணக்குக் குறைந்ததில்லை.

நோர்வூட் டவுனில் ஆட்டோ ஓட்டும் ஜீவராஜைக் கட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டாள். மகள் யதுர்ஷினி பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஜீவராஜ் அட்டனிலிருந்து பழைய கரன்ட் மெஷின் ஒன்றை வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தான்.

"இனி யாரும் உன் பின்னால நிக்கமாட்டாங்க. நீயே மொதலாளி," என்றான்.

அதைக் கேட்டு அவளுக்கு எவ்வளவு சந்தோசம்! வினை அங்கேதான் இருந்தது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

வீட்டில் மணி அடிக்க ஆளில்லை. காலையில் ஜீவராஜ் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போவான், மகள் பள்ளிக்கூடம் போவாள், லயத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். அவள் மெஷினுக்கு முன்னால் உட்காருவாள். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் தொடங்கலாம் என்று தோன்றும். குடித்து முடித்ததும் வாசலைக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். ஜாக்கெட் கழுத்துக்குப் புது டிசைன் பார்க்கப் போனை எடுத்தால், ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய்ப் பத்து மணி ஆகிவிடும். அந்த நேரம் யாராவது சிப் பிய்ந்துபோன கால்சட்டையோடு வந்து நிற்பார்கள். பெரிய வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அதை உடனே தைத்துக் கொடுப்பாள். சிறிய வேலை, சட்டென்று முடியும், "நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு வேலை செய்த திருப்தி அதிலேயே வந்துவிடும். பெரிய துணி மட்டும் அலுமாரியில் அப்படியே இருக்கும். நாள் போகப்போக அந்தத் துணியின்மேல் ஒரு வெறுப்பே வரும். பார்க்காமல் இருப்பதற்காக அதன்மேல் வேறு துணியைப் போட்டு வைப்பாள்.

பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நடனம் படிப்பிக்கும் நாகலெட்சுமி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். அந்த வருடம் தமிழ்த் தினப் போட்டியில் அவள் பழக்கிய பன்னிரண்டு பிள்ளைகளின் கிராமிய நடனம் வலய மட்டத்தில் முதலாவதாக வந்தது. அடுத்து கண்டியில் மாகாணப் போட்டி. பன்னிரண்டு பேரில் யதுர்ஷினியும் ஒருத்தி. வலயத்தில் இரவல் சேலைகளைக் கட்டி ஆடினார்கள். கண்டிக்கு அப்படிப் போக முடியாது என்று பழைய மாணவர்கள் சேர்ந்து துணி எடுத்துக் கொடுத்தார்கள். கிளிப்பச்சைத் துணி, சிவப்புக் கரை.

நாகலெட்சுமி மூட்டையோடு வந்து நின்றாள்.

"கண்டியில குடுத்துத் தைக்கலாம்னு பிரின்சிபல் சொன்னாரு. நான்தான் விடல. எங்க சுலா இருக்கறப்ப கண்டி எதுக்குன்னு சண்ட போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். அஞ்சு கிழமை இருக்கு. முடியுமாடி?"

"என்னடி இப்புடிக் கேக்குற? என் மக ஆடுற ஆட்டம். முடியாம?"

முதல் கிழமை, அந்த ஏழு நாளும், அவளைப் பிடிக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பன்னிரண்டு பேருக்கும் அளவெடுத்தாள். ஒரு கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் போட்டு எழுதினாள். மகளின் அளவுக்கு ஒரு உடுப்பை மட்டும் வெட்டி மாதிரிக்குத் தைத்தாள். இடுப்புக்கு முன்னால் விசிறி மடிப்பு. ஆடும்போது விரியும், நின்றால் சேர்ந்துகொள்ளும். யதுர்ஷினி போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பார்க்க வந்த நாகலெட்சுமி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா சொல்றேன், கண்டியில இப்புடித் தைக்கமாட்டாங்கடி. மிச்சம் பதினொண்ணும் இதே மாதிரி இருந்தாப் போதும்."

அந்த ஒரு வார்த்தைதான். சுலக்ஷனா சிரித்துவிட்டு, மகள் கழற்றிய உடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதே மாதிரி பதினொன்று. இந்த ஒன்று எப்படி இவ்வளவு நன்றாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மற்றவை இப்படி வராவிட்டால்? கார்மென்ட்ஸில் கொலர் கோணினால் அந்தச் சட்டையில் அவள் பெயர் இருக்காது. இங்கே பலகையிலேயே பெயர் தொங்குகிறது.

மறுநாள் துணியை விரித்தாள், கத்தரிக்கோலை எடுத்தாள், திரும்ப வைத்தாள். மாதிரி உடுப்பை எடுத்துப் பார்த்தபோது மடிப்பு ஒன்று நூலிழை விலகியிருப்பது போல இருந்தது. பிரித்துத் தைத்தாள். அடுத்த நாள் மறுபடியும் பிரித்தாள். யாரும் கேட்டிருந்தால், வேலையில்தான் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பாள். அது பொய்யும் இல்லை.

பிறகு ஆரி வேலை என்ற ஒன்று தலைக்குள் புகுந்தது. கழுத்தில் மணி வைத்துப் பின்னினால் மேடை வெளிச்சத்தில் மின்னுமே! போனில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். மணி வாங்க அட்டனுக்கு ஒரு நாள், சட்டமும் ஊசியும் வாங்க இன்னொரு நாள். யாரும் மணி கேட்கவில்லை. நாகலெட்சுமி கேட்டது பன்னிரண்டு உடுப்பு. ஆனால் புதிதாக ஒன்றைப் படிக்கும்போது பழைய பயம் மறந்துபோகிறது. மனதுக்கு அது எவ்வளவு இதமாக இருக்கிறது! மூன்றாம் கிழமை முடியும்போது அவளுக்கு ஒரு பூப்பின்னல் நன்றாக வந்துவிட்டது. பச்சைத் துணி மட்டும் மடித்தபடி இருந்தது.

ஜீவராஜ் கவனித்துவிட்டான்.

"டவுன்ல தையல் கடை பேச்சியம்மா அக்காவ இன்னைக்குக் கண்டேன். பாதிய வெட்டிக் குடுத்தா அவங்க தச்சுத் தாராங்களாம். கொண்டு போய்க் குடுக்கவா?"

"அவங்க தையல் வேற, என் தையல் வேறங்க. பன்னெண்டும் ஒண்ணா இருக்க வேணாமா?"

"இருக்கணும்தான். மொதல்ல பன்னெண்டு இருக்கணுமே."

அந்தக் கோபத்தில் அவள் மூன்று உடுப்பு வெட்டித் தைத்தாள். அவையும் நன்றாகவே வந்தன. அதைப் பார்த்துத் தொடர்ந்திருக்கலாம். 'இவ்வளவு வேகமாக வருகிறதே, இன்னும் நாள் இருக்கிறது' என்று நினைத்து, கோயில் திருவிழாவுக்கு யாரோ கொண்டுவந்த நான்கு ஜாக்கெட்டை இடையில் எடுத்துக்கொண்டாள்.

நாகலெட்சுமி போன் பண்ணினாள்.

"எத்தன முடிஞ்சுதுடி?"

"எட்டு," என்று வாய் சொல்லிவிட்டது.

சொன்ன பிறகு உண்மையிலேயே எட்டு முடித்துவிட வேண்டும் என்ற வெறி வந்தது. ஆனால் அது வேலையாக மாறவில்லை. பயமாகத்தான் மாறியது. நாகலெட்சுமியின் நம்பரைக் கண்டால் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

போன் எடுக்காததால் நாகலெட்சுமி பிள்ளையிடம் கேட்கத் தொடங்கினாள். ஒரு நாள் யதுர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"டீச்சர் இன்னைக்கும் கேட்டாங்கம்மா."

"நீ என்ன சொன்ன?"

"எல்லாம் முடிஞ்சிருச்சு, அயன் பண்ணத்தான் இருக்குன்னு சொன்னேன்." பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கவில்லை, அலுமாரியைப் பார்த்தாள். "முடிச்சிருவீங்கதானேம்மா?"

"முடிச்சிருவேன்டா."

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாயைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. அந்த இடத்தில் அவள் எழுந்து பேச்சியம்மாவிடம் ஓடியிருக்கலாம். நாகலெட்சுமியிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். பத்து நாள் மிச்சம் இருந்தது. அந்தப் பத்து நாளை இன்றைக்கும் அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதுண்டு. ஒரு நாள் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்தாள். ஒரு நாள் தலைவலி. ஒரு நாள் முழுவதும் மழை. ஒரு நாள் மூன்று சிப். மற்ற நாட்கள் எங்கே போயின என்று அவளால் சொல்ல முடியவில்லை.

போட்டிக்கு முதல் நாள் பகல் இரண்டு மணி. நாகலெட்சுமி நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். உடுப்போடு கடைசியாக ஒரு முறை ஆடிப் பார்க்கப் பிள்ளைகளை மண்டபத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். மூச்சு வாங்க இஸ்தோப்பில் ஏறினவள், கயிற்றில் தொங்கிய நான்கு உடுப்பைப் பார்த்தாள். மேசையில் பாதி வெட்டிக் கிடந்த துணியைப் பார்த்தாள். அலுமாரி திறந்திருந்தது. மற்ற துணி கடை மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"மிச்சம் எங்கடி?"

"கரன்ட் இல்லடி. ரெண்டு நாளா கரன்ட் வந்து வந்து போகுது. நான் என்ன செய்ய?"

பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மெஷினின் தலையில் சிறிய பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள்.

நாகலெட்சுமி சத்தம் போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். அவள் பலகைச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"முடியலன்னு சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பேனாடி? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊர்ல உள்ள அம்புட்டு மெஷினையும் கூட்டியிருப்பேனே."

"நாலு இருக்கு. முன் வரிசைக்குப் போடலாம்..."

"நாலு பேருக்குப் போட்டு எட்டுப் பேர அழ வைக்கவா?"

தொங்கியவற்றை அவள் எடுக்கவில்லை. வெறுங்கையோடு இறங்கிப் போனாள். படியில் கால் வழுக்கிச் சமாளித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் பிள்ளைகள் பழைய இரவல் சேலைகளைக் கட்டிக்கொண்டு கண்டியில் ஆடினார்கள். இரண்டாம் இடம் கிடைத்தது. முதல் இடம் வந்த குழு மட்டும்தான் கொழும்புக்குப் போகும். உடுப்பால்தான் போனதா, அந்தக் குழு உண்மையிலேயே இவர்களைவிட நன்றாக ஆடியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உடுப்பு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். சுலக்ஷனாவுக்கு இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

யதுர்ஷினி திரும்பி வந்து சேலையை மடித்து வைத்தாள். அழுவாள், சண்டை பிடிப்பாள் என்று தாய் காத்திருந்தாள்.

"டீச்சர் உன்ன ஏசினாங்களா?"

"இல்ல. எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலம்மா. கேட்டிருந்தாப் பரவாயில்ல."

அடுத்த பள்ளித் தவணையில் நடனத்துக்குப் பெயர் கேட்டபோது யதுர்ஷினி பெயர் கொடுக்கவில்லை. கால் வலிக்கிறது என்றாள். சுலக்ஷனா அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கும் உரிமையைத் தான்தான் தொலைத்தோம் என்று பட்டது.

பச்சைத் துணியை ஜீவராஜ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அவன் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் போல யாரும் துணி கொண்டுவரவில்லை, சிப் போடக்கூட. அந்தச் சும்மா இருந்த நாட்களில் அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. சோம்பேறித்தனம் என்று ஊர் சொன்னது. சோம்பேறியாக இருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பாளே. அவள் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. நன்றாக வந்துவிடும் என்ற இடத்துக்கு வந்தவுடன், கெட்டுவிடுமோ என்று பயந்து, தானே விலகி ஓடியிருக்கிறாள். கெடுவதற்கு வேறு யாரும் தேவைப்படவில்லை.

ஒரு நாள் வெட்கத்தை விட்டுப் பேச்சியம்மாவின் கடைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, பெரிய வேல வந்தா நீங்க எப்புடி ஆரம்பிப்பீங்க?"

பேச்சியம்மா பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தாள். "எப்புடின்னா? வெட்டிருவேன். வெட்டிட்டா அப்புறம் தச்சுத்தானே ஆகணும்."

இப்போது சுலக்ஷனா துணி வந்த அன்றே வெட்டிவிடுகிறாள், பயம் போகாவிட்டாலும். காலையில் போன் ஜீவராஜின் ஆட்டோவில் போய்விடும். சிப் கொண்டுவருபவர்களிடம் "பின்னேரம் வாங்க" என்கிறாள். சில நாள் பழைய புத்தி தலைகாட்டும். புது டிசைன் ஒன்று படிக்கலாமே என்று மனம் ஓடும். அப்போது எழுந்து வாசலுக்குப் போகாமல் மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாடசாலை யூனிஃபோர்ம் காலத்தில் போன வருடம் ஒரு உடுப்புக்கூடத் தேதி தவறவில்லை. அதைக் கொண்டாட வேண்டியவள் அந்த ஊரில் இல்லை. நாகலெட்சுமி நுவரெலியாவுக்கு மாற்றம் கிடைத்துப் போய்விட்டாள்.

சென்ற தைப்பொங்கலுக்கு முன்னால், அட்டன் பஸ் ஸ்டாண்டில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். நாகலெட்சுமிதான் முதலில் சிரித்தாள். நல்ல சிரிப்பு, தெரிந்தவர்களைப் பார்த்தால் சிரிக்கிற சிரிப்பு.

"சுகமா இருக்கீங்களா?" என்றாள்.

'இருக்கீங்களா' என்ற அந்த மரியாதை சுலக்ஷனாவின் நெஞ்சில் தைத்தது. எத்தனை நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பு வார்த்தைகள்! பாத்திரம் கழுவும்போதும் மெஷினை மிதிக்கும்போதும் சொல்லிப் பார்த்தவை.

"இருக்கேன்... டீச்சர்," என்றாள்.

"யது ஆடுறாளா?"

"இல்ல. படிப்புத்தான் இப்ப."

"நல்லா ஆடுவா," என்றாள் நாகலெட்சுமி. இன்னும் ஏதோ சொல்ல வந்தவள் போல நின்றாள். அதற்குள் நுவரெலியா பஸ்ஸின் கொண்டக்டர் கத்தத் தொடங்கிவிட்டான். கூட்டத்தோடு அவளும் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, முகம் தெரியவில்லை.

பஸ் வளைவில் மறையும்வரை சுலக்ஷனா நின்றாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். அவள் கையில் இரண்டு நிமிடம் இருந்தது.