ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அதற்கேற்ற வேலையாகத்தான் கிடைத்தது. தொழில்களைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் தொகுத்து விற்கிற ஒரு தனியார் நிறுவனத்துக்காக, தர்மபுரி மாவட்டத்தில் தகவல் திரட்டுகிறேன். மாங்கூழ், வெல்லம், செங்கல், புளி என்று அந்தந்தப் பருவத்துக்கு எது வருகிறதோ அதைக் கேட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் திரிவேன். இண்டூரில் ஒரு டீ, கடத்தூரில் மதியச் சாப்பாடு, பொம்மிடி ரயில்வே கேட்டில் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிக் கழற்றி ஒரு காத்திருப்பு. ரயில் போய்த் தொலையட்டும் என்று வாய்விட்டே சொல்லுவேன்.

இந்த வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் வகுக்கத் தோன்றும். பரோட்டாக் கடையில் நின்றால் மாஸ்டர் ஒரு கல்லுக்கு எத்தனை போடுகிறார் என்று கை தானாக எண்ணும். கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர்களை எண்ணி, இலைகளால் வகுத்து, பெண் வீட்டார் ஆள் குறைவாக வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டுவேன். என் கணவர் என்னோடு விசேஷங்களுக்கு வரவே பயப்படுவார்.

புளிக்கு எப்படிக் கணக்கெடுப்பது என்று சொல்கிறேன். கொட்டையோடு வாங்கிய புளி எவ்வளவு, கொட்டையும் நாரும் எடுத்துச் சுத்தம் செய்தது எவ்வளவு, கழிவு எவ்வளவு, எத்தனை ஆட்கள், எத்தனை நாட்கள். இதைப் புளி சுத்தம் செய்கிற ஒவ்வொரு ஷெட்டிலும் கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். ஆபீஸில் வகுத்து, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று எடுப்பார்கள். எல்லா ஷெட்டுகளையும் வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்கிற ஷெட்டின் எண்ணை எடுத்தால் அதுதான் நடு எண். எந்த ஷெட் எது என்று வெளியே தெரியாது, பெயருக்குப் பதில் குறியீடு மட்டும்தான். தகவல் கொடுத்த முதலாளிக்கு அறிக்கை இலவசம். மற்றவர்களுக்கு நடுவே தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நடு எண்ணை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் யாராவது நம்பிவிடுகிறார்கள்.

கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் என் அக்கா கொட்டை நீக்கப் புளி தட்டுகிறாள். கல்யாணம் முறிந்து வந்தவள், முதலில் அண்ணன் வீட்டில் இருந்தாள். குழம்பு ஊற்றும்போது அண்ணியின் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே சாப்பிடும்படி ஆனது. ஒருநாள் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு குடமுமாகக் கிளம்பி, வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொண்டாள். அந்த அறையைப் புளி தட்டுகிற கூலியில்தான் வைத்திருக்கிறாள். என் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன்.

"உன் வூட்டுக்கு விருந்தாளியா வர்றன்டி. சாப்புட்டுட்டு பஸ் ஏறிடுவன். அங்கயே உக்காந்துட்டன்னா, உன் மூஞ்சியயும் நான் பாக்கணும் இல்ல?" என்பாள். அதற்கு மேல் பேச விடமாட்டாள்.

போன வருடக் கணக்கெடுப்பில் பொம்மிடிப் பக்கம் இன்னொரு ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஆட்கள் கொஞ்சம், சுத்தம் செய்த புளியோ மலை போல. எனக்கு உடனே உறுத்தியது. மெஷின் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மெஷினெல்லாம் இல்லை, மூட்டைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம் என்றார் முதலாளி. பதிவில் பெயர் இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூட்டையை நடுவில் கொட்டி, அவளும் அவள் வீட்டுக்காரரும் மாமியாரும் காலேஜ் விட்டு வந்த மகளும் சுற்றி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பேரு ஒண்ணுதாங்க, கை எட்டு" என்றார் அந்த மாமியார்.

ஷெட்டுக்குத் திரும்பிப் போய், வீட்டில் இருந்து தட்டுகிறவர்களை எல்லாம் முதலாளியிடம் விசாரித்து, ஆட்கள் என்ற இடத்தில் உண்மையான எண்ணைப் போட்டேன். டேப்லெட் சிவப்பாக மாறியது. முந்தைய வருட எண்ணிலிருந்து ரொம்பவும் விலகிப் போனால் அப்படித்தான் சிவக்கும், அனுப்பவும் விடாது. கோயம்புத்தூரில் இருந்த மேலாளருக்குப் போன் செய்தேன்.

"மேடம், கேள்வி என்னன்னு பாருங்க. கூலிப் பதிவுல எத்தனை பேர்னுதான் கேக்குது. வீட்ல யார் யார் உதவி பண்றாங்கன்னு கேக்கல."

"உதவி இல்லீங்க சார். அவங்கதான் வேலையே பண்றாங்க."

"அப்படின்னா குறிப்புல எழுதுங்க."

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன். நிறையவே எழுதினேன். குறிப்பை யாரும் கூட்டவும் முடியாது, வகுக்கவும் முடியாது. ஆட்களின் எண்ணிக்கையை அவர் ஆபீஸிலிருந்தே மாற்றிக்கொண்டார், என் திரையில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் எத்தனை ஷெட்டுகளில் இப்படியோ என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது. அக்காவின் ஷெட் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கூலியை இழுத்தடிக்க மாட்டார், யாரையும் மரியாதையில்லாமல் பேசமாட்டார்.

"உங்க ரிப்போர்ட்டப் பாத்துதாங்க கண்ணத் தொறந்தன். நாங்க நடுவுக்குக் கீழ கெடக்கறம். எங்க ஆளுங்க இவ்ளோ மெதுவுன்னு எனக்கே தெரியாமப் போச்சு. இனிமே மூட்டைய வூட்டுக்கே குடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டம். ஒரு ஆளு அந்த நடுக் கணக்குக்குத் தட்டிக் குடுத்தா அடுத்த மூட்டை. இல்லன்னா இல்லீங்க."

போனை வைத்துவிட்டு அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு கடத்தூர் போனேன். அக்காவுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்த முதல் மூட்டையை அறையில் கொட்டி, கல்லின் முன்னால் உட்கார்ந்து, புளியங்கொட்டையைச் சிறு சுத்தியால் தட்டித் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வாடி கணக்குப்புள்ள. உன் கணக்குல நான் அரை ஆளாமே" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை, கோயம்புத்தூர் மேல், டேப்லெட் மேல், அந்தப் பச்சை மேல். ஷெட்டுக்குப் போய் முதலாளியின் மேஜைக்கு எதிரே நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"அந்த ஒரு ஆளுங்கறது ஒரு ஆளு இல்லீங்க. சில எடத்துல குடும்பமே சேந்து தட்டுது. பேரு மட்டும் ஒண்ணு."

"எந்த எடத்துலங்க?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

"பொம்மிடிப் பக்கத்து ஷெட்டுதானுங்களே?"

நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கிலோவுக்குத்தானே கூலி குடுக்கறீங்க, கொஞ்சமாத் தட்டுனா உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டேன்.

"மூட்டைய நாள் கணக்குல வெச்சிருந்தா புளி கறுத்துப் போவுதுங்க. வாங்கறவர் கையிலயும் உங்க ரிப்போர்ட்டு இருக்குது. மத்தவங்க அனுப்பிட்டாங்க, நீங்க ஏன் லேட்டுன்னு கேக்கறார். உங்க அக்கா நல்ல வேலைக்காரிதான், நான் இல்லன்னு சொல்லலீங்க. துணைக்கு யாரயாச்சும் வெச்சித் தட்டட்டும், நான் வேணாங்கலையே."

துணைக்கு யார் இருக்கிறார்கள்? கணவர் இல்லை, பிள்ளை இல்லை, மாமியார் இருந்தும் இல்லை. அக்கா தன் வாழ்க்கையில் எதையெல்லாம் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாளோ அதெல்லாம் இப்போது அந்த எண்ணுக்குத் தேவைப்பட்டது. மூட்டை நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் அண்ணன் வீடு, இல்லையென்றால் என் வீடு. இரண்டுக்கும் வரமாட்டாள். பிறகு எங்கே போவாள் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

முதல் வாரம் அவள் தனியாகவே முட்டிப் பார்த்தாள். சோறு பொங்கவில்லை, பக்கத்து வீட்டில் பேசவில்லை, விடிந்ததும் சுத்தியை எடுத்தவள் இருட்டும்வரை வைக்கவில்லை. அப்படியும் எட்டவில்லை. விரல் நுனிகள் புளிப்பேறித் தோல் உரிந்து, ரேஷன் கடையில் ரேகை விழாமல் திரும்பி வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் சொல்லாமல் கொள்ளாமல் போய், ஆளுக்கொரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

"ஏந்திரிங்க மாப்ள, இதெல்லாம் நீங்க பண்ற வேலையா?" என்று அக்கா பதறினாள்.

"வூட்ல சும்மா இருந்தா இவ என்னை எண்ணி வகுத்துடுவா, இங்கயே இருக்கறனுங்க" என்றார் அவர்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எழுந்து போகச் சொல்லவில்லை, ஆனால் நாங்கள் தட்டியதை எல்லாம் மறுபடி ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தாள். என் கணவர் கொட்டையோடு சேர்த்துப் புளியையும் நசுக்குவார். நான் வேகமாகத் தட்டுகிறேன் என்று நார் விட்டுவிடுவேன். இருந்தாலும் மூட்டை தீர்ந்தது. அடுத்த மூட்டை வந்தது. ஞாயிறு தவறாமல் போனோம், விடுமுறை நாட்களிலும் போனோம். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத நான், கால் மரத்துப்போக அங்கே உட்கார்ந்திருந்தேன். ஷெட்டில் அக்காவின் பெயருக்கு நேரே நடு எண் குறையாமல் விழுந்துகொண்டிருந்தது.

இந்த வருடமும் கணக்கெடுப்பு வந்தது. கடத்தூரை மட்டும் வேறு யாருக்காவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நீங்கள்தான் அங்கே பழகியவர் என்று சொல்லிவிட்டார் மேலாளர். டேப்லெட்டோடு அதே முதலாளியின் எதிரே போய் உட்கார்ந்தேன். ரேகை வைத்துத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. என் விரலிலும் தோல் உரிந்திருந்தது. கடவுச்சொல் போட்டுத் திறந்தேன்.

"வூட்ல கூட உக்காந்து தட்டறவங்களயும் சேத்துச் சொல்லுங்க" என்றேன்.

"அவங்களுக்கு நான் கூலி குடுக்கலீங்களே. பேரு இருக்கறவங்களுக்குத்தான் கூலி. போன தடவயும் அப்படித்தானே எழுதுனீங்க?"

கூட உட்கார்ந்து தட்டுகிறவர்களில் ஒருத்தி அவர் எதிரிலேயே இருந்தாள். என்னை நானே எந்தக் கட்டத்தில் போடுவது? அப்படி ஒரு கட்டம் இல்லை. அவர் சொன்னதைப் போட்டேன், பச்சை வந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்தத் தடவ நாங்க நடுவுக்கு மேல நிப்பம், பாருங்க. உங்க அக்காவயே எடுத்துக்குங்க, ஒண்டி ஆளு, என்னமா தட்டுது."

கீழே கிடந்த ஷெட்டுகள் எல்லாம் இப்படி மேலே ஏறினால் நடுவும் மேலே ஏறும். அறிக்கை அச்சாகி வரவேண்டும் என்பதே இல்லை, அங்கே உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அக்காவின் அறைக்குப் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். அடுத்த பருவத்தில் இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள் என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அவள் சுத்தியைக் கீழே வைக்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கொட்டை, இன்னொரு கொட்டை.

"சனிக்கெழமையும் உங்க ரெண்டு பேராலயும் வர முடியுமாடி?" என்று கேட்டாள்.

அக்கா யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. வருகிறோம் என்றேன்.